நுரையீரல் மாற்று மருத்துவரின் ஆராய்ச்சியும் மேற்கோள் எண்ணிக்கையும்: நீலகிரியிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கமிருந்து இந்தக் கேள்விகளைக் கேட்பவர்கள் இரண்டு வகை. ஒரு பக்கம் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள். இன்னொரு பக்கம், வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் இறுகிப்போய், "மாற்றுவதுதான் ஒரே வழி" என்று மருத்துவர் சொல்லிவிட, ராத்திரி முழுக்கப் போனில் ஒவ்வொரு சர்ஜனின் பெயராகத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள். இரு தரப்பினரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்: ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் பக்கத்தில் அந்த மருத்துவரின் பெயருக்கு வலப்புறம் இருக்கும் எண்கள். அவற்றை எப்படிப் படிப்பது, எங்கே நம்பலாம், எங்கே ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

மேற்கோள் எண்ணிக்கை என்றால் என்ன?

ஒரு மருத்துவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையின் கடைசிப் பட்டியலில் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். இப்படி எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்ற மொத்தக் கணக்குதான் சைட்டேஷன். யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1955-இல் இந்த யோசனையை முன்வைத்தார். 1964-இல் அது அறிவியல் மேற்கோள் அட்டவணையாக வெளிவந்தது. ஒரு கருத்து எங்கே பிறந்து, யார் கைக்குப் போய், எப்படி மாறியது என்று தேடிப் பிடிப்பதற்கான வழியாகத்தான் அவர் அதை நினைத்தார். ஆளுக்கு மார்க் போடும் வேலையெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர் இரண்டும் மேற்கோள்களை எண்ணும் தளங்கள், 2004-இல் வந்தவை. ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுக் குறிப்பு, இதழில் இன்னும் வராத முன்வரைவு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும். ஸ்கோபஸ் தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எண்ணும். அதனால் ஒரே மருத்துவருக்கு இரண்டு இடத்திலும் இரண்டு கணக்கு வரும். ஒருவரின் ஸ்காலர் எண்ணை இன்னொருவரின் ஸ்கோபஸ் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

எச்-இன்டெக்ஸ்?

இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் சொன்ன அளவு இது. ஒருவரின் ஐந்து கட்டுரைகளுக்கு முறையே 90, 40, 6, 4, 2 மேற்கோள்கள் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 4 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 4 இருக்கின்றன. குறைந்தது 5 முறை காட்டப்பட்டவை 5 இல்லை. ஆகவே எச்-இன்டெக்ஸ் 4. அந்த 90 நாளைக்கு 9,000 ஆனாலும் இந்த எண் அசையாது. ஒரே ஒரு கட்டுரையால் உலகத்தையே திருப்பிப்போட்டவர் இந்த அளவில் சாதாரணமாகத் தெரிவார் என்பதுதான் எனக்கு இதில் பெரிய குறையாகப் படுகிறது. இன்னொன்று, இது வயதோடு ஏறும், இறங்கவே இறங்காது. 35 வயதுக்காரரையும் 65 வயதுக்காரரையும் இதை வைத்து எடைபோடுவது நியாயமில்லை.

நுரையீரல் மாற்றுத் துறையில் நல்ல எண் என்று எதைச் சொல்லலாம்?

பக்கத்துத் துறையோடு ஒப்பிடாமல் இருந்தாலே பாதி குழப்பம் தீரும். உலகில் ஆண்டுக்குச் சிறுநீரக மாற்று ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. நுரையீரல் மாற்று சில ஆயிரங்கள்தான். செய்யும் மையங்கள் குறைவு, எழுதுபவர்கள் குறைவு, மேற்கோள் காட்டுபவர்களும் குறைவு. இதய நோய் ஆராய்ச்சியாளரின் எண்ணைப் பார்த்துவிட்டு நுரையீரல் மருத்துவரைக் குறைவாக நினைத்தால் அது துறையின் அளவைத்தான் காட்டுமே தவிர, ஆளின் அளவை அல்ல.

உண்மையிலேயே இந்தத் துறையை மாற்றிய ஆராய்ச்சி எது? ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

முடியும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாக் கேள்விகளுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

மனிதருக்கு முதல் நுரையீரல் மாற்று 1963 ஜூன் 11-இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் நடந்தது. செய்தவர் ஜேம்ஸ் ஹார்டி. நோயாளி 18 நாள் உயிரோடு இருந்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் உலகம் முழுக்க நாற்பதுக்கும் மேற்பட்ட முயற்சிகள் நடந்தன. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1968-இல் மாற்றுச் செய்துகொண்ட ஒருவர் சுமார் பத்து மாதம் பிழைத்தார், அதுதான் அதிகபட்சம். பெரும்பாலானவர்கள் சில நாட்களில், சில வாரங்களில் போய்விட்டார்கள்.

சிறுநீரகமும் இதயமும் ஒட்டிக்கொண்ட காலத்தில் நுரையீரல் மட்டும் ஏன் ஒட்டவில்லை? கனடாவின் டொராண்டோவில் ஜோயல் கூப்பர் 1978-இல் ஒரு நோயாளிக்கு மாற்றுச் செய்தார். சில வாரங்களில் மூச்சுக்குழாய்த் தையல் விட்டுப்போய் அவர் இறந்தார். கூப்பரின் குழு அந்தத் தையலையே கேள்வியாக எடுத்துக்கொண்டது. நுரையீரலைப் பொருத்தும்போது பெரிய ரத்தக் குழாய்களை இணைத்துவிடுகிறோம். ஆனால் மூச்சுக்குழாயின் சுவருக்கே ரத்தம் கொடுக்கும் மெல்லிய தமனிகள் இணைக்கப்படுவதில்லை. புது மூச்சுக்குழாயின் நுனி சில வாரம் சொந்த ரத்த ஓட்டமில்லாமல் இருக்கிறது. அதோடு, உடல் புது உறுப்பை நிராகரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் ஸ்டீராய்டை அள்ளிக் கொடுத்தார்கள். புண் ஆறாமலிருக்க இந்த இரண்டும் சேர்ந்து காரணமா, அல்லது நிராகரிப்புதான் காரணமா?

அதைப் பிரித்துப் பார்க்க அவர்கள் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்பு. நாயின் நுரையீரலை அறுத்து எடுத்து, அதே நாயின் அதே இடத்தில் திரும்பத் தைத்தார்கள். சொந்த உறுப்பு என்பதால் நிராகரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பிறகு சில நாய்களுக்கு மட்டும் ஸ்டீராய்டும், நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான அசதயோபிரினும் கொடுத்தார்கள். மருந்து கொடுத்த நாய்களில் மூச்சுக்குழாய்த் தையல் மோசமாக ஆறியது. 1981-இல் அது கட்டுரையாக வந்தது. அடுத்து வந்த கட்டுரைகளில் இரண்டு விடைகள் கிடைத்தன. ஒன்று, நிராகரிப்பைத் தடுக்கப் புதிதாக வந்த சைக்ளோஸ்போரின் என்ற மருந்து தையல் ஆறுவதைக் கெடுக்கவில்லை. இரண்டு, வயிற்றுக்குள் குடல்மேல் போர்த்தியிருக்கும் கொழுப்புப் படலத்தை மேலே இழுத்துத் தையலைச் சுற்றினால், சில நாட்களிலேயே அங்கே புது ரத்த ஓட்டம் பிறந்தது.

1983 நவம்பரில் டொராண்டோவில் நுரையீரல் நார்த்தன்மையால் (நுரையீரல் இறுகிப்போகும் நோயால்) அவதிப்பட்ட 58 வயது டாம் ஹாலுக்கு இந்த அறிவோடு ஒரு பக்க நுரையீரலைப் பொருத்தினார்கள். அவர் ஆறு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். 1986-இல் இரு பக்கமும் மாற்றப்பட்ட ஆன் ஹாரிசன் 2001 வரை வாழ்ந்தார்.

கொழுப்புப் படலம் சுற்றும் முறையைப் பிற்பாடு பெரும்பாலான மையங்கள் விட்டுவிட்டன. தையல் முறையும் மருந்தும் தேறிவிட்டதால் தேவைப்படவில்லை. அதனால் அந்தக் கட்டுரைக்கு இன்று புது மேற்கோள்கள் அதிகம் வருவதில்லை. அதற்காக அது சின்ன வேலையாகிவிடுமா? அந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் போயிருந்தால் இன்றைக்கு இந்த அறுவை சிகிச்சையே இருந்திருக்காது.

பழைய கட்டுரைக்கு மேற்கோள் குறைவது அதன் மதிப்புக் குறைந்ததற்கு அடையாளம் இல்லையா?

பல நேரம் நேர்மாறு. ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் தெரிந்த சங்கதியாகிவிட்டால் மூலக் கட்டுரையைச் சொல்வதை விட்டுவிடுவார்கள். நம் பக்கத்து மலையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். இன்று "எவர்ஷெட் விளைவு" என்று பெயரைச் சொன்னாலே போதும், அவருடைய கட்டுரையைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. பெயர் நிலைத்துவிட்டது, எண்ணில் ஏறவில்லை.

எந்த வகைக் கட்டுரைக்கு மேற்கோள் குவிகிறது?

பெயர் வைக்கும் கட்டுரைக்கும் அளவுகோல் தரும் கட்டுரைக்கும். மாற்றிய நுரையீரல் பல மாதம், பல வருடம் கழித்து மெல்ல மெல்ல இறுகுவதை எப்படி வரையறுப்பது, எந்தக் கட்டத்தை எந்த எண்ணால் குறிப்பது என்று கூப்பரும் மற்றவர்களும் 1993-இல் ஒரு ஒழுங்கு வகுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் சிக்கலைப் பற்றி எழுதிய எல்லோரும் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டியிருந்தது. இதய, நுரையீரல் மாற்றுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் ஆண்டுப் பதிவேட்டு அறிக்கைகளும் அப்படித்தான். "உலகளவில் இவ்வளவு பேர் பிழைக்கிறார்கள்" என்று முதல் பத்தியில் எழுத எல்லோருக்கும் அது தேவை.

மறுத்து எழுதப்படுவதும் மேற்கோள்தான். கூப்பர், எம்ஃபிசிமா நோயாளிகளுக்கு உப்பிப்போன நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் மீதி நன்றாக வேலை செய்யும் என்று 20 பேரைக் கொண்டு 1995-இல் எழுதினார். ஆதரித்தும் எதிர்த்தும் எழுதினார்கள். கடைசியில் 1,218 பேரை வைத்து அமெரிக்க அரசு நிதியில் நடந்த பெரிய சோதனை 2003-இல் வெளிவந்தது. மேல்பகுதியில் நோய் அதிகமாகவும் உடல் உழைப்புத் திறன் குறைவாகவும் உள்ளவர்களுக்கு ஆயுள் கூடியது. வேறொரு பிரிவினருக்கு ஆபத்துதான் கூடியது. இரண்டு முடிவும் முதல் கட்டுரைக்கு மேற்கோளாகவே ஏறியிருக்கும்.

கட்டுரையில் பத்துப் பெயர் இருக்கிறதே, யாருடைய வேலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மருத்துவக் கட்டுரைகளில் முதல் பெயர் பெரும்பாலும் கையால் வேலை செய்தவருடையது. கடைசிப் பெயர் அந்த ஆய்வுக்கூடத்தை நடத்துபவருடையது. ஸ்காலர் பக்கத்தில் நடுவில் ஏழாவது பெயராக இருந்தாலும் முழு மேற்கோளும் சேர்ந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், டாம் ஹாலின் சிகிச்சையை உலகுக்குச் சொன்ன 1986-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு ஆசிரியராகத் தனி ஆளின் பெயரே இல்லை. "டொராண்டோ நுரையீரல் மாற்றுக் குழு" என்றுதான் போட்டிருந்தார்கள். இந்தத் துறையின் மிக முக்கியமான கட்டுரை ஒன்று தனியாள் கணக்கில் சரியாகச் சேராமல் போக அதுவே காரணம். எனக்கு அந்தப் பெயரிடுதல் மிகவும் பிடிக்கும். மயக்க மருத்துவர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட் இல்லாமல் நுரையீரல் மாற்று நடக்கவே நடக்காது.

எடுத்த நுரையீரலைப் பெட்டிக்குள் வைத்து மூச்சுவிட வைக்கிறார்களாமே, அதுவும் இப்படி வந்த ஆராய்ச்சிதானா?

ஆமாம். ஒரு ஆராய்ச்சி வாழ்க்கை எப்படிப் படிப்படியாக வளர்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

கொடையாளரிடமிருந்து எடுத்த நுரையீரலைக் குளிர்ந்த திரவம் பாய்ச்சி, ஐஸில் வைத்து எடுத்துப்போவார்கள். ஆறு மணி நேரத்துக்குள் பொருத்திவிட வேண்டும் என்பது பழைய கணக்கு. டொராண்டோவில் ஷாஃப் கேஷவ்ஜி இளம் ஆய்வாளராக இருந்தபோது, பொட்டாசியம் குறைந்த டெக்ஸ்ட்ரான் கரைசலைப் பயன்படுத்தினால் 12 மணி நேரம் வரை தாங்கும் என்று 1989-இல் நாய்களில் காட்டினார். அடுத்த கேள்வி: குளிரில் தூங்கவைப்பதற்குப் பதில், வெளியிலேயே விழிக்கவைத்துப் பரிசோதித்தால் என்ன? ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஸ்டிக் ஸ்டீன் 2000-இல் முதன்முதலாக அப்படிப் பரிசோதித்த நுரையீரலை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். டொராண்டோ குழு அதை மணிக்கணக்கில் நீட்டித்தது.

கண்ணாடி போன்ற மூடிக்குள் இரண்டு நுரையீரலும் கிடக்கும். மூச்சுக்குழாயில் வெண்டிலேட்டர் குழாய், ரத்தக் குழாயில் பம்பிலிருந்து வரும் கரைசல். உடல் சூடு வரும்வரை மெல்லச் சூடேற்றுவார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் அது உப்பித் தணியும். சில மணி நேரம் கழித்து அது ஆக்சிஜனை எவ்வளவு ஏற்கிறது, எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று அளந்து, பொருத்தலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். முன்பெல்லாம் உறுப்புக் கொடையாளர்களில் ஐந்தில் ஒருவரின் நுரையீரல்தான் தேறும். மீதியைச் சந்தேகத்தின் பேரில் விட்டுவிடுவார்கள். அப்படி ஒதுக்கியிருக்கக்கூடிய நுரையீரல்களிலிருந்து 20 பேருக்குப் பொருத்திய விவரம் 2011-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. முதல் பெயர் மார்செலோ சைபெல், கடைசிப் பெயர் கேஷவ்ஜி. இன்று சைபெலின் குழு ஐஸுக்குப் பதில் 10 டிகிரியில் வைத்தால் இன்னும் நீண்ட நேரம் தாங்கும் என்ற ஆய்வை நடத்திவருகிறது. மாணவர் ஆசிரியராகி அடுத்த கேள்வியைக் கேட்கும் இந்தத் தொடர்ச்சி எந்த எண்ணிலும் தெரியாது. ஒரு மருத்துவரின் கட்டுரைகளை ஆண்டு வரிசையில் அடுக்கிப் படித்தால்தான் தெரியும்.

வேலூரில் படித்த ஒருவர் கொரோனா காலத்தில் பெரிய பெயர் வாங்கினாரே?

அங்கித் பாரத்தைக் கேட்கிறீர்கள். வேலூர் சிஎம்சியில் படித்தவர், சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் மருத்துவமனையில் அறுவை மருத்துவர். 2020 ஜூனில், கொரோனாவால் நுரையீரல் முற்றிலும் கெட்டுப்போன இளம்பெண்ணுக்கு இரண்டு நுரையீரலையும் மாற்றினார். அந்த ஆகஸ்டில் சென்னையிலும் அப்படியொரு இரட்டை நுரையீரல் மாற்று நடந்தது. 2021-இல் அமெரிக்கா, இத்தாலி, ஆஸ்திரியா, இந்தியா நான்கு நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து முதல் நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள்.

அந்த நேரத்தில் கொரோனாவைப் பற்றி எதை எழுதினாலும் மேற்கோள் குவிந்தது உண்மைதான். ஆனால் இந்தக் கட்டுரைகளின் பலன் வேறு: தொற்று புது நுரையீரலையும் தாக்குமா, எத்தனை வாரம் காத்திருந்து பார்க்க வேண்டும் என்று தெரியாமல் உலகமே திகைத்து நின்றபோது, ஒருவர் செய்து பார்த்ததை மற்றவர்கள் உடனே படிக்க முடிந்தது.

மேற்கோள் அதிகம் இருந்தால் கட்டுரை சரியானது என்று நம்பலாமா?

நம்பக் கூடாது. பாவ்லோ மக்கியாரினி என்ற மார்பு அறுவை மருத்துவரின் மூச்சுக்குழாய் மாற்றுக் கட்டுரைகளை 2008-இலிருந்து உலகமே கொண்டாடியது, பக்கம் பக்கமாக மேற்கோள் காட்டியது. செயற்கைக் குழாய் பொருத்திக்கொண்ட நோயாளிகளோ ஒவ்வொருவராக இறந்தார்கள். லான்செட் இதழ் அவருடைய கட்டுரைகளை 2018-இலும் 2023-இலும் திரும்பப் பெற்றது. 2023-இல் ஸ்வீடன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. இறந்தவர்களின் குடும்பங்களை நினைத்தால் வயிறு எரிகிறது. கூகுள் ஸ்காலரில் ஒரு கட்டுரையைப் பார்த்ததும், இதழின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அது திரும்பப் பெறப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

எங்கள் அப்பாவுக்குச் சர்ஜனைத் தேர்ந்தெடுக்க இந்த எண்ணைப் பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஒருவர் எழுதியது எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்றுதான் அது சொல்லும். அவர் கை எப்படி, அவருடைய ஐசியூ எப்படி என்று சொல்லாது. அதற்குப் பதில் மருத்துவமனையில் நேராகக் கேளுங்கள்: கடந்த ஆண்டு இங்கே எத்தனை பேருக்கு நுரையீரல் மாற்றினீர்கள்? ஒரு வருடம், ஐந்து வருடம் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள்? அறுவைக்குப் பிறகு நுரையீரல் மருத்துவர், தொற்றுநோய் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் யார் பார்ப்பார்கள்? நகரத்தில் எத்தனை மாதம் வீடெடுத்துத் தங்க வேண்டும்? மாத மருந்துச் செலவு என்ன? இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். நல்ல குழு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும்.

உலகப் பதிவேட்டின்படி மாற்றுச் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் ஏறத்தாழ ஆறு, ஏழு ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு முடிவெடுப்பது குடும்பத்துக்கு நல்லது.

தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பு யாருக்குப் போகும் என்பதை உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டான்தான் முறைப்படுத்துகிறது. வரிசையில் பெயர் ஏற வேண்டுமென்றால் பதிவு பெற்ற மருத்துவமனை மூலமாகத்தான் ஏறும். "சீக்கிரம் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நம் ஊர் சர்ஜன்களின் எண் ஏன் இவ்வளவு குறைவு?

காலை ஓபி, மதியம் தியேட்டர், ராத்திரி ஐசியூ என்று ஓடுபவருக்கு எழுத நேரம் எங்கே? வெளிநாட்டுப் பெரிய மையங்களில் தரவு சேர்க்கத் தனி ஆள், புள்ளியியலுக்குத் தனி ஆள். இங்கே எல்லாவற்றையும் ஒரே மருத்துவர்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்ற விதியால் அவசர அவசரமாக எங்கோ எதையோ போடும் பழக்கமும் வந்துவிட்டது. அது எனக்கு வருத்தம் தருகிறது. நூறு நோயாளிகளை ஐந்து வருடம் விடாமல் கவனித்து எழுதிய ஒரே கட்டுரை அப்படிப்பட்ட இருபதுக்குச் சமம்.

மலையில் இருக்கும் எங்களுக்கு இந்த ஆராய்ச்சியில் தனியாக ஏதாவது இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான், ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. நல்ல நுரையீரலுக்கு இது பெரிதாகத் தெரியாது. இறுகிய நுரையீரலுக்கு, கோவையில் ஆக்சிஜன் இல்லாமல் சமாளிப்பவர் இங்கே சிலிண்டரைத் தேட வேண்டியிருக்கும். மாற்றுச் செய்துகொண்டவர் எப்போது மலைக்குத் திரும்பலாம் என்பதைச் சிகிச்சைக் குழுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் தோட்டம். கேரட், உருளைக்கிழங்கு வயலும் மக்கிய எருவும் இல்லாத வீடு இங்கே குறைவு. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தை வாழ்நாள் முழுக்கச் சாப்பிடுபவருக்கு எருவிலும் ஈரச் சுவரிலும் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை பெரிய ஆபத்து. குப்பை கிளறும் வேலையை வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

உதகை அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். இங்கே இருந்து நான் என்ன செய்ய முடியும்?

மாற்று அறுவை மையம் இங்கே இல்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்றும் பொறுமையும் இருந்தால் போதும், ஒரு உருப்படியான வேலை காத்திருக்கிறது. ஆரோக்கியமான ஆளுக்கே இந்த உயரத்தில் ஆக்சிஜன் அளவு சமவெளியைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். ஆனால் யாருக்கு எப்போது ஆக்சிஜன் தர வேண்டும், எப்போது மாற்று மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற வரம்புகள் பெரும்பாலும் தாழ்வான ஊர்களில் எடுத்த அளவுகளை வைத்து வந்தவை. மேட்டுப்பாளையத்தில், குன்னூரில், உதகையில் ஒரே நோயாளியின் அளவு எப்படி மாறுகிறது? உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு, ஆறு நிமிடம் நடந்த பிறகு எவ்வளவு? கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, பேராசிரியர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தேதி, உயரம், நகத்தில் மருதாணி இருந்ததா, கை குளிர்ந்திருந்ததா என்பது வரை ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். குளிர்ந்த விரலில் கருவி தவறான அளவு காட்டும் என்பதால் உதகையின் ஜனவரிக் காலையில் அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்பாமல் விடவே கூடாது.